9 பேர், ஒரே டேபிள், நடுவில் தாம்பாளம்: மன்ஹாட்டன் இத்தாலியன் கடையில் எப்படி ஆர்டர் பண்றது?

ஜெர்சி மாப்பிள்ளை | வியாழன் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, கூடவே மாமனார் மாமியாரும். வர்ற சனிக்கிழமை பிராட்வேயில மேடை நாடகம், மதியக் காட்சி. முடிஞ்சதும் அங்கேயே சாப்பிட்டுட்டு நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கிற வீட்டுக்குத் திரும்பணும். நான், மனைவி, ரெண்டு பசங்க, மச்சினன் எல்லாம் சேர்த்து 9 பேர்.

பசங்க பாஸ்தான்னா உயிரை விடுவாங்க, அதனால இத்தாலியன்தான்னு முடிவாயிடுச்சு. நடுவுல பெரிய தட்டு வச்சு எல்லாரும் எடுத்துப் போட்டுக்கிற மாதிரி குடும்பப் பாணி கடைங்க இருக்கே, அதுல ஒண்ணு. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. போன வருஷம் சித்தி குடும்பம் வந்தப்போ இதே மாதிரி ஒரு கடைக்குப் போனோம் (பேர் வேண்டாம்). ஒவ்வொருத்தரும் மெனுவைப் பார்த்து தனக்குன்னு ஒண்ணு சொன்னாங்க. ஒரு தட்டு 4 பேருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. எழுதிக்கிட்ட சர்வர் வாயே திறக்கல. 7 தாம்பாளம் வந்து இறங்குச்சு. டேபிள்ல இடம் இல்லாம பக்கத்து டேபிளை இழுத்துப் போட்டாங்க. சாப்பாடு மட்டும் 412 டாலர். பில்லுல 20 சதவீதம் டிப்ஸ் ஏற்கெனவே போட்டிருந்தது. அதைக் கவனிக்காம நான் மேல இன்னொரு 80 டாலர் எழுதிட்டு வந்தேன். மனைவி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா.

மாமியார் சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அப்பா எல்லாம் சாப்பிடுவார். மாமனாருக்கு சுகர். என்ன சொல்லணும், எத்தனை சொல்லணும், யாராவது தெளிவா சொல்லுங்க.

தோசை போதும் | வியாழன் இரவு 9.52

பேசாம நம்ம ஊர் ஓட்டல்கள் இருக்கிற லெக்சிங்டன் அவென்யூ போய் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சொல்லிட்டு வாங்க. மாமியாரும் சந்தோஷம், சகலமும் சந்தோஷம்.

ஜெர்சி மாப்பிள்ளை | வியாழன் இரவு 9.55

தலைவா, அவங்க வந்து 3 வாரமா வீட்ல தோசைதான்.

பிராங்ஸ் பழசு | வியாழன் இரவு 10.30

இந்த ஊருக்கு வந்து 26 வருஷம். இந்த விஷயத்துல அடிபட்டுக் கத்துக்கிட்டவன்கிற முறையில சொல்றேன்.

தியேட்டர் பக்கம்னா 44-ஆம் தெருவுல கார்மைன்ஸ். முதல் கடை 1990-ல மன்ஹாட்டன் அப்பர் வெஸ்ட் சைடுல, பிராட்வே ரோட்டுல 90-ஆம் தெருவுக்கும் 91-ஆம் தெருவுக்கும் நடுவுல ஆரம்பிச்சது. அங்க நல்லா ஓடவும் டைம்ஸ் ஸ்கொயர்ல ஒண்ணு திறந்தாங்க. மெனு சுவர்ல பெரிய பலகையில எழுதி மாட்டியிருக்கும். வயசானவங்களுக்கு அண்ணாந்து படிக்கக் கஷ்டம், அதனால நீங்க வீட்லயே பார்த்து முடிவு பண்ணிட்டுப் போங்க.

இப்போ கணக்கு. ஆள் எண்ணிக்கையை மூணால வகுத்து ஒண்ணு கூட்டிக்குங்க, அவ்வளவுதான் பெரிய தட்டுங்க. 9 பேர்னா 3, கூட 1, ஆக 4. பாஸ்தா 2, கத்தரிக்காய் 1, கோழி 1. ஓரத்துக்கு ஒரு சாலட். இதுக்கு மேல யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. பத்தலைன்னா அப்புறம் சொல்லிக்கலாம், அடுப்பு எங்கயும் ஓடிப் போகாது. இன்னொண்ணு, உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடை வரும். பசியில கையை வச்சீங்கன்னா அங்கேயே பாதி வயிறு ரொம்பிடும்.

போன தடவை உங்களுக்கு நடந்தது என்னன்னா, ஆளாளுக்கு ஆர்டர் பண்ணீங்க. நம்ம ஊர் கல்யாணப் பந்தியும் எல்லாருக்கும் பொதுவான சாப்பாடுதானே, அங்க ஏன் குழப்பம் வரல? பந்தி விசாரிக்க ஒருத்தர் நிப்பார். எந்த இலைக்கு என்ன போகணும்னு அவர் பார்த்துப்பார். இந்தக் கடையிலயும் அப்படி ஒருத்தர் வேணும். மாப்பிள்ளை, சனிக்கிழமை அந்த வேலை உங்களுக்கு.

நேரமும் பார்த்துக்குங்க. 2 மணி ஆட்டம் 4.45 வாக்குல விடும். ராத்திரி 8 மணி ஆட்டத்துக்குப் போறவங்க கூட்டம் 5.30-க்கு மேல குவியும். 5 மணிக்கே டேபிள் சொல்லி வச்சிடுங்க.

மாம்பலம் மாமி | வெள்ளி காலை 7.15

மாமியார் சுத்த சைவம்னு எழுதியிருக்கீங்க. யாரும் அந்தப் பக்கமே போகலை, அதான் சொல்றேன்.

இத்தாலியன் கடையில இறைச்சி இல்லாததெல்லாம் சைவம் இல்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் பால், உப்பு, பாலைத் திரிய வைக்கற ரெனட், இந்த மூணுலதான் பண்ணணும்னு அவா சட்டமே இருக்கு. அந்த ரெனட் கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கறது. பெக்கரீனோ ரொமானோன்னா ஆட்டுக்குட்டி. அமெரிக்காவுல பண்ற சில சீஸ்ல நுண்ணுயிர் ரெனட் போடறா, அது பரவாயில்லை. ஆனா தட்டுல தூவிக் கொண்டுவரச்சே எது என்னன்னு யாருக்குத் தெரியும்? நான் "சீஸ் வேண்டாம்"னு சொல்லிடறது.

சீசர் சாலட் பச்சையா இருக்கேன்னு எடுத்துடாதீங்கோ. அந்த டிரெஸ்ஸிங்ல நெத்திலி மாதிரி ஒரு மீனை அரைச்சு விட்டிருப்பா. அந்த சாலட் இத்தாலியில பொறந்ததும் இல்லை. 1924-ல மெக்சிகோ டிஹுவானாவுல ஒரு இத்தாலியக்காரர் கடையில வந்தது. மினஸ்ட்ரோனி சூப்பையும் கேக்காம வாங்காதீங்கோ, மாட்டெலும்பு வேகவெச்ச தண்ணியா இருக்கலாம். இனிப்புல பன்ன கோட்டா வேண்டாம், அதுல ஜெலட்டின், அதுவும் மிருகத்துலேருந்து எடுக்கறது. டிராமிசுல முட்டை.

முட்டை ஆகாதுன்னா காய்ஞ்ச பாஸ்தா நல்லது. பென்னே, ஸ்பகெட்டி எல்லாம் பொதுவா கோதுமை ரவையும் தண்ணியும்தான். கடையிலயே புதுசாத் திரட்டற பாஸ்தான்னா முட்டை இருக்கும்.

ஜெர்சி மாப்பிள்ளை | வெள்ளி காலை 8.05

மாமி, இதைப் படிச்சதும் எனக்கே பசி போயிடுச்சு. 12 வருஷமா மாமியாரை ஒவ்வொரு தடவையும் சீசர் சாலட் சாப்பிட வச்சிருக்கேன். இது இந்த இழையோட இருக்கட்டும்.

மாம்பலம் மாமி | வெள்ளி காலை 8.20

நான் ஏன் சொல்லப்போறேன். தெரியாம சாப்பிட்டது கணக்குல வராது.

பழைய சர்வர் | வெள்ளி மதியம் 12.40

படிக்கும்போது ரெண்டு வருஷம் இத்தாலியன் கடையில தட்டு தூக்கினவன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா ஆர்டர் பண்றது சுலபம்.

பாஸ்தாவை முன்னாடியே முக்கால் வேக்காட்டுல எடுத்து வச்சிருப்பாங்க. ஆர்டர் வந்ததும் கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு, அப்புறம் வாணலியில சாஸோட பிரட்டி, பாஸ்தா வெந்த தண்ணியில ஒரு கரண்டி ஊத்தி, தட்டுல கொட்டுவாங்க. ஆக வாணலியில சேர்க்கிற எதையும் "போடாதே"ன்னு சொல்லலாம். மரினாராங்கிற தக்காளி சாஸ் காலையில பெரிய அண்டாவுல கொதிச்சு முடிஞ்சிருக்கும். அதுல பூண்டு வேண்டாம்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, சரி சரின்னு தலையாட்டிட்டு அதையே கொண்டுவந்து வைப்பாங்க.

கத்தரிக்காய் பார்மிஜானா அமெரிக்கக் கடைகள்ல பெரும்பாலும் முட்டையில முக்கி, ரொட்டித் தூள்ல புரட்டிப் பொரிச்சது. பொரிச்ச எண்ணெயில சில கடையில கணவாய் மீனும் பொரிஞ்சிருக்கும். மாமியாருக்கு அது வேண்டாம். ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கூட ப்ராக்கலி, சீஸ் கிடையாது. அதை ஒரு முழுத் தட்டா சொல்லுங்க, மத்தவங்களும் சாப்பிடுவாங்க.

முக்கியமா, எச்சில் விஷயம். தட்டுக்கு ஒரு இடுக்கியோ கரண்டியோதான் வரும். கோழித் தட்டுல இருந்த கரண்டி ரெண்டே நிமிஷத்துல சைவத் தட்டுக்குப் போயிடும். பசங்க தின்ன முள்கரண்டியையே உள்ள விடுவாங்க. முதல்லயே கூடுதல் கரண்டி கேளுங்க. மாமியாருக்கு முதல்ல எடுத்து வச்சிட்டு அப்புறம் தட்டைச் சுத்த விடுங்க. எந்தக் கடையிலயும் இதைத் தப்பா நினைக்க மாட்டாங்க.

உங்களை அன்னைக்குத் தடுக்காத சர்வரைப் பத்தி: தொழில்ல அது அசிங்கம். எங்க மேனேஜர், மூணாவது பெரிய தட்டு சொல்லும்போதே "இது எத்தனை பேருக்கு வரும் தெரியுமா"ன்னு கேக்கச் சொல்வார்.

பலெர்மோ பொடியன் | வெள்ளி மாலை 4.10

வணக்கம் எல்லாருக்கும். நான் இலங்கை, 20 வருசமா சிசிலியில, பலெர்மோவில இருக்கிறன். இஞ்ச எங்கட சனம் கனக்க இருக்கு. நீங்கள் எல்லாரும் கதைக்கிறதை வாசிக்க எனக்குச் சிரிப்பா இருக்கு.

உது இத்தாலியச் சாப்பாடே இல்லை. ஸ்பகெற்றிக்கு மேல பந்து பந்தா இறைச்சி வைக்கிறதை இஞ்ச நான் ஒரு வீட்டிலயும் காணேல்லை. பாஸ்ரா வேற, இறைச்சி வேற. முதல் பாஸ்ரா வரும், அதுக்குப் பேர் பிரிமோ. அது முடிஞ்சாப் பிறகு மீனோ இறைச்சியோ, அது செக்கொந்தோ. கோழியில பார்மிஜானா எண்டு இஞ்ச போய்க் கேட்டா உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பினம். பார்மிஜானா எண்டா கத்தரிக்காய்தான். மாவும் இல்லை, முட்டையும் இல்லை. வெறுமனே பொரிச்சு, தக்காளி, துளசி மாதிரி அந்த பசிலிக்கோ இலை, சீஸ் எண்டு அடுக்கடுக்கா வைக்கிறது. ஆற விட்டுத்தான் சாப்பிடுவினம். ஜன்னல் பலகை அடுக்கைப் போல இருக்கிறதாலதான் அந்தப் பேர் வந்தது எண்டு இஞ்ச ஒரு கதை சொல்லுவினம்.

சாப்பிட்டு முடிஞ்ச பிறகு கப்புச்சீனோ கேக்காதேங்கோ. அது காலமைக் குடிக்கிறது.

பிராங்ஸ் பழசு | வெள்ளி மாலை 6.45

பலெர்மோத் தம்பி சொன்ன தகவல் எல்லாம் சரி. "இத்தாலியச் சாப்பாடே இல்லை"ங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

1880-லேர்ந்து 1920 வரைக்கும் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுல வந்து இறங்கினாங்க. பெரும்பாலும் உங்க பக்கத்து ஆளுங்கதான், சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் சுத்துப்பட்டு. ஊர்ல கூலி விவசாயம், கறி கண்ணுல படுறது பண்டிகைக்குப் பண்டிகை. இங்க வந்து சுரங்கப்பாதை தோண்டி, கட்டடம் கட்டி, வாரக்கூலி வாங்கினப்போ கறி வாங்கக் கட்டுப்படியாச்சு. தீபாவளிக்கு மட்டும் ஆட்டுக்கறி பார்த்த வீட்டுல வாரா வாரம் கறி கிடைச்சா என்ன பண்ணுவாங்க? உருண்டை பெருசாகும், சாதத்து மேலயே வந்து உக்காரும். கத்தரிக்காய் இருந்த இடத்துல கோழி வந்ததும் அப்படித்தான். அந்த வீட்டுப் பாட்டிங்க கறி போட்ட தக்காளி சாஸை சாஸ்னு கூட சொல்ல மாட்டாங்க, "கிரேவி"ம்பாங்க. ஞாயித்துக்கிழமை காலையில அடுப்புல ஏத்தினா மத்தியானம் வரைக்கும் கொதிக்கும்.

அதனால இதைப் போலின்னு சொல்லக் கூடாது. புலம்பெயர்ந்தவங்க வீட்டுச் சமையல். நானும் நீங்களும் வெளியூர்ல உக்காந்துக்கிட்டு அதைக் கேலி பண்றது நல்லா இல்ல.

எனக்கு டைம்ஸ் ஸ்கொயரை விட ஆர்தர் அவென்யூதான் பிடிக்கும், நம்ம பிராங்ஸ்ல இருக்கிற இத்தாலியன் தெரு. அங்க 1940-ல நியூயார்க் மேயர் லா கார்டியா ஒரு உள்சந்தை திறந்தார். தெருவுல தள்ளுவண்டியில வித்தவங்களைக் கூரைக்குள்ள கொண்டு வந்தார். அவரே இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. சந்தை இன்னும் ஓடுது. பக்கத்துல 1935-லேர்ந்து ரவியோலி பண்ற போர்காட்டி கடை இருக்கு. நூடுல்ஸை எவ்வளவு அகலமா வெட்டணும்னு கேட்டுட்டுத்தான் வெட்டித் தருவாங்க. டொமினிக்ஸ்னு ஒரு கடை, நீள பெஞ்சு மாதிரி டேபிள், முன்பின் தெரியாதவங்களோட தோளோடு தோள் உட்காரணும். மெனு அட்டை இல்லாம சர்வர் வாயாலேயே ஒப்பிக்கிறதுக்குப் பேர்போனது. முதல் தடவை போனப்போ நான் எதுவும் புரியாம எல்லாத்துக்கும் "யெஸ்"னேன். அந்தக் கதை வேண்டாம்.

பலெர்மோ பொடியன் | வெள்ளி இரவு 8.30

சரி அண்ணை, ஒத்துக்கொள்ளுறன். எங்கட அம்மாவும் இஞ்ச கிடைக்கிற மீனிலதான் சொதி வைக்கிறா, ஊரில இருக்கிற பெரியம்மா அதைச் சொதி எண்டு ஒத்துக்கொள்ள மாட்டா.

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 10.05

டிப்ஸ் பத்தி யாரும் சொல்லலையே.

நியூயார்க் நகரத்துல சாப்பாட்டு வரி 8.875 சதவீதம். 300 டாலருக்குச் சாப்பிட்டா வரி 26.63. வரியை ரெண்டால பெருக்கினா 53.25, கிட்டத்தட்ட 18 சதவீதம், டிப்ஸுக்கு அதுவே போதுமான கணக்கு. 20 சதவீதம்னா 60. டிப்ஸ் வரிக்கு முந்தின தொகைக்குத்தான், கீழே அச்சடிச்சிருக்கிற "பரிந்துரை" சிலசமயம் வரியையும் சேர்த்துப் போட்டிருக்கும்.

பெரிய குழுன்னா பல கடையில தானாவே சேர்த்துடுவாங்க. பில்லுல "கிராஜுட்டி"ன்னோ "சர்வீஸ் சார்ஜ்"னோ ஒரு லைன் இருக்கான்னு பாருங்க. இருந்தா கார்டு ரசீதுல டிப்ஸ் கட்டத்துல ஒரு கோடு இழுத்துட்டு மொத்தத்தை மட்டும் எழுதுங்க. அந்தக் கட்டம் எப்பவும் காலியாத்தான் வரும், காலியா இருக்கேன்னு நிரப்பினவங்க கதை மேலே முதல் பதிவுல இருக்கு.

பழைய சர்வர் | வெள்ளி இரவு 10.20

2014 ஜனவரியிலேர்ந்து வருமான வரித்துறை, தானா சேர்க்கிற டிப்ஸை டிப்ஸாவே எடுத்துக்கறதில்ல, கடை தர்ற சம்பளக் கணக்குல சேர்க்கச் சொல்லிடுச்சு. அதனால சில கடைங்க தானா போடறதை விட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் பார்க்கணும், போன கடையில இருந்துச்சுன்னு இந்தக் கடையில இருக்காது.

ஜெர்சி மாப்பிள்ளை | ஞாயிறு காலை 11.15

போய்ட்டு வந்தாச்சு. 44-ஆம் தெருவேதான், 5 மணி டேபிள்.

பந்தி விசாரிப்பு நானே. மனைவிகிட்ட முந்தின நாளே சொல்லிட்டேன், யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. ஆனா அப்பா விடல. உட்கார்ந்ததும் பலகையைப் பார்த்துட்டு "எனக்கு மட்டும் தனியா ஒண்ணு"ன்னார். இது அப்படி இல்லப்பா, எல்லாருக்கும் பொதுன்னேன். "அப்போ பில்லும் பொதுவா?"ன்னு கேட்டார். பில் என்னோடதுன்னதும் அமைதியாயிட்டார்.

ஸ்பகெட்டி பூண்டு எண்ணெய் ப்ராக்கலி சீஸ் இல்லாம, பென்னே ஒண்ணு, கத்தரிக்காய் பார்மிஜானா, கோழி பார்மிஜானா, வெறும் பச்சை சாலட். அவ்வளவுதான். ஸ்பகெட்டி முதல்ல வந்தது. மாமியாருக்கு நான் எடுத்து வச்சேன். அவங்க அந்த இடுக்கியை வாங்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, ஒரு பேப்பர் நாப்கின்ல துடைச்சு, அப்புறம்தான் குடுத்தாங்க. அடுத்த தட்டு வர்றதுக்குள்ள எல்லார் தட்டுலயும் அம்மாவே பரிமாற ஆரம்பிச்சிட்டாங்க. எழுந்து நின்னு. பக்கத்து டேபிள் வெள்ளைக்காரப் பாட்டியும் அவங்க டேபிள்ல அதையேதான் பண்ணிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க.

மாமியார் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. "பூண்டு நல்லா சிவந்திருக்கு, ஒரு மிளகாய் வத்தல் கிள்ளிப் போட்டிருக்கலாம்"னாங்க. மேசையில மிளகாய்த் தூவல் இருந்தது, அதுல பாதி காலி. மாமனார் சாலட்டும் கோழியும் மட்டும், ரொட்டிக் கூடையை என் பக்கத்துல வச்சுக்கச் சொன்னார், கை எட்டக் கூடாதாம். டைட்டானிக்னு ஒரு ஐஸ்க்ரீம் மலை இருக்கு, அதைப் பசங்க பார்த்துட்டாங்க. அங்க மட்டும் நான் தோத்துட்டேன்.

மிச்சம் ரெண்டு டப்பா. பில்லை மூணு தடவை படிச்சேன், மச்சினன் ஒரு தடவை படிச்சான். கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி கணக்குப் போட்டு எழுதினேன்.

ஒரு சந்தேகம், அம்மா கேக்கச் சொன்னாங்க. பலெர்மோ சார், நீங்க சொன்ன மாவில்லாத கத்தரிக்காய், வெறுமனே பொரிச்சா எண்ணெய் குடிக்காதா? வீட்ல பண்ணிப் பார்க்கணுமாம்.

பலெர்மோ பொடியன் | ஞாயிறு மாலை 3.50

அம்மாவிட்டச் சொல்லுங்கோ: பெரிய கத்தரிக்காயை விரல் மொத்தத்துக்கும் கொஞ்சம் குறைவா வட்டமாவோ நீளமாவோ வெட்டி, உப்புத் தூவி, ஒரு அரிதட்டில அடுக்கி மேல பாரம் வைக்கோணும். ஒரு மணித்தியாலம். மண்ணிறத் தண்ணி வடியும். பிறகு கழுவி, துணியால நல்லா ஒத்தி ஈரம் எடுக்கோணும், அதுதான் முக்கியம். எண்ணெய் நல்லாக் கொதிச்சாப் பிறகு நாலைஞ்சு துண்டு மட்டும் போடுங்கோ. கனக்கப் போட்டா சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். பொரிச்சதைத் தாளில போட்டு வடிய விடுங்கோ.

ஜெர்சி மாப்பிள்ளை | ஞாயிறு இரவு 8.10

அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "இது நான் பாகற்காய்க்குப் பண்றதுதானே, இதுக்கு ஏன் சிசிலி வரைக்கும் போனே"ன்னாங்க. நாளைக்குக் கத்தரிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க, 4 பெருசு.